கணவர் துப்பாக்கியை வெறுக்கிறார். நான் பிஸ்டல் சுடுகிறேன்

கடிதத்தின் சுருக்கம்

கொங்குப் பகுதி நகரம் ஒன்றிலிருந்து 38 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக ரைஃபிள் கிளப் ஒன்றில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறார். நான்கு மாதங்களுக்கு முன் சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கினார். வீட்டில் சச்சரவு அன்றிலிருந்துதான். கணவர் தனியார் பள்ளி ஆசிரியர். 1990இல், ஆறு வயதில், தாயோடு யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர். "துப்பாக்கி இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது" என்பது அவர் பேச்சு. மாமியார் எதுவும் சொல்வதில்லை. ஹாலில் பிஸ்டலைப் பார்த்தால் எழுந்து அறைக்குள் போய்விடுகிறார். 13 வயது மகளோ "நானும் வரேன்மா" என்று நச்சரிக்கிறாள்.

கடிதம் எழுதியவரிடம் ஒரு திட்டம் இருக்கிறது. கணவரின் பிறந்தநாளன்று எங்கே என்று சொல்லாமல் கிளப்புக்கு அழைத்துப்போய், நண்பர் ஒருவரின் 0.22 பிஸ்டலை (வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடுவது) கையில் கொடுத்துச் சுடச் சொல்வது. "ஒரு தடவை சுட்டுப் பார்த்தால் மாறிவிடுவார் இல்லையா? மகளுக்கு அதுவரை மொட்டை மாடியில் அட்டைப்பெட்டி வைத்து நானே சொல்லித் தரலாமா? ஏர் கன்னுக்கு லைசன்ஸ்தான் வேண்டாமே?" என்று கேட்கிறார்.

பயிற்சியாளரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பிறந்தநாள் திட்டத்தைக் கைவிடுங்கள். மொட்டை மாடியையும் சேர்த்துத்தான். காரணங்களைச் சொல்கிறேன்.

உங்கள் நண்பரின் 0.22 பிஸ்டல் உரிமம் பெற்ற ஆயுதம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அந்த உரிமம் அவருக்கு உரியது. உரிமமோ கிளப் உறுப்பினர் தகுதியோ இல்லாத ஒருவரிடம் "சும்மா நாலு ரவுண்டு" என்று அதை நீட்டினால் அவர் உரிமத்துக்கே ஆபத்து. உங்கள் கணவரும் வழக்கில் மாட்டலாம். நண்பர் நல்ல மனதோடுதான் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனாலும் வேண்டாம்.

சட்டத்தை விட்டாலும், முதல் அனுபவத்துக்கு அது தவறான கருவி. போட்டி ஏர் பிஸ்டலில் போடும் சிறு ஈயக் குண்டான பெல்லட் அரை கிராம் இருக்கும். விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகும். அதன் ஆற்றல் 5, 6 ஜூல். 0.22 தோட்டாவோ 100 ஜூலைத் தாண்டும். சத்தம், கையில் உதைப்பு, வெடிமருந்து வாடை, தெறித்து விழும் காலித் தோட்டா எல்லாம் ஒன்றாக வரும். பயந்து வந்தவருக்குப் பயந்தது சரிதான் என்று அந்த ஒரு வெடி உறுதிசெய்துவிடும். இரண்டாவது தோட்டாவுக்குள் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், அதைக் களைய மாதங்கள் ஆகும்.

எங்கே போகிறோம் என்று தெரியாமல் அழைத்துப் போனால், அங்கே அவருக்கு இரண்டே வழி: சுடுவது, அல்லது நான்கு பேர் முன்னால் மறுத்து மனைவியைச் சங்கடப்படுத்துவது. சம்மதம் கேட்காமல் ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, "இது முழுக்க ஒழுங்கும் கட்டுப்பாடும் உள்ள விளையாட்டு" என்று அப்புறம் எப்படிச் சொல்வீர்கள்?

லைசன்ஸ் வேண்டாம் என்றால் சட்டமே இல்லை என்று பொருளல்ல

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.யும் ஆற்றல் 20 ஜூலும் தாண்டாத ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. உங்கள் பிஸ்டல் அந்த வகைதான். ஆனால் மொட்டை மாடியில் சுட்டு, அடுத்த வீட்டில் துணி காயப்போடும் ஒருவர் மேல் பட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவு வரும்: மற்றவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரும்படி அலட்சியமாக நடந்துகொள்வது. ஏர் கன்னால் கொக்கு, மடையான் அடிப்பது நம் ஊர்ப்பக்கம் இன்னமும் நடக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதுவும் குற்றமே.

அட்டைப்பெட்டி பெல்லட்டைத் தடுக்காது. உள்ளே பழைய செய்தித்தாளை அடைத்தால் சில நாள் தாங்கும். ஒரே இடத்தில் பட்டுப்பட்டு ஓட்டை விழும், பிறகு ஊடுருவும். பின்னால் சுவர் இருந்தால் பெல்லட் உங்களை நோக்கியே தெறிக்கும். மாடிச் சுவரைத் தாண்டிப் போனது நூறு மீட்டருக்கு அப்பாலும் விழும். ஐந்து ஜூல் என்பதும் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். கடிதத்தில் ஓரிடத்தில் "பொம்மைத் துப்பாக்கி மாதிரிதான்" என்று கணவரைச் சமாதானப்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லாதீர்கள். அது உண்மையல்ல என்பது அவருக்கும் தெரியும். நீங்கள் ஆபத்தைக் குறைத்துச் சொல்லச் சொல்ல, மற்ற விஷயங்களிலும் உங்கள் வார்த்தையை நம்ப அவருக்குத் தயக்கம் வரும்.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு தனித்தனி மறுப்பு

கணவர் சொல்வது ஒரு கருத்து: வீட்டில் துப்பாக்கி இருப்பது தவறு. கருத்தோடு பேசலாம், வாதாடலாம், ஒப்புக்கொள்ளாமலும் சேர்ந்து வாழலாம். அத்தை எழுந்து போவது கருத்து அல்ல. யாழ்ப்பாணத்தை விட்டுப் படகேறும் முன் அவர் என்னென்ன பார்த்தார் என்று நீங்களும் எழுதவில்லை, நானும் ஊகிக்க மாட்டேன். ஆனால் ஒன்று உறுதியாகச் சொல்கிறேன்: அவரை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் இடத்துக்கு, அழைக்காதீர்கள். "வந்து பாருங்க அத்தை, பயம் தெளிஞ்சிடும்" என்ற பேச்சே வேண்டாம். அப்படிப்பட்டவரின் பயத்தைத் தெளிவிப்பது துப்பாக்கிப் பயிற்சியாளரின் வேலை அல்ல. அவருக்குத் தூக்கம் கெடுகிறது, பதற்றம் வருகிறது என்றால் மனநல மருத்துவரிடம் போகலாம். அதுவும் அவர் விரும்பினால்.

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்தான் சச்சரவின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது: தினமும் இரவு அரை மணி நேரம் ஹால் சுவரைப் பார்த்து ட்ரை ஃபயர் (பெல்லட் போடாமல் குறிபார்த்து டிரிகரை இழுப்பது) செய்கிறீர்கள். அத்தை அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பதும் அதே ஹாலில். பெல்லட் இல்லாமல் பழகுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கண்ணுக்குத் தெரிவது கை நீட்டிக் குறிபார்க்கும் ஒருவர். இன்றிரவே இதைப் படுக்கையறைக்கு மாற்றுங்கள். கதவைத் தாழிட்டு, வெறும் சுவரைப் பார்த்து, பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டுப் பழகுங்கள். பெரும்பாலான போட்டிப் பிஸ்டல்களில் காற்றுச் சிலிண்டரைக் கழற்றிவிட்டும் ட்ரை ஃபயர் செய்யலாம். கையேட்டைப் பார்த்துவிட்டு அப்படியே செய்யுங்கள். தோள் வலுவுக்கு மட்டும் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து நின்றாலே போதும். பிஸ்டலும் ஏறக்குறைய ஒரு கிலோதான்.

வைப்பு முறைக்கும் ஒழுங்கு வேண்டும். சிலிண்டர் தனியே, பிஸ்டல் பூட்டிய பெட்டியில், பெல்லட் வேறு இடத்தில், சாவி உங்களிடம் மட்டும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது; வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள். அதன் மேல் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள்: ஜெர்மன் தயாரிப்புச் சிலிண்டர்களுக்குப் பத்தாண்டுதான் ஆயுள் குறித்திருப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் "வீட்டில் வேண்டாம்" என்று கணவர் சொன்னால், கிளப் லாக்கரில் வையுங்கள். தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். துப்பாக்கி கைக்கெட்டும் வீட்டில் ஒரு கெட்ட நாளின் கெட்ட நிமிடம் உயிரைப் பறித்துவிடும் என்ற கவலை பொதுவாக நியாயமானது. ஏர் பிஸ்டலுக்கு அது குறைவாகப் பொருந்தினாலும், நாளை நீங்கள் 0.22 உரிமத்துக்கு விண்ணப்பித்தால் முழுவதும் பொருந்தும்.

எந்த வாதம் உதவாது

"கத்தியும்தான் கொல்லும், காரும்தான் கொல்லும்" என்பதைச் சொல்லாதீர்கள். கத்தி காய் நறுக்கச் செய்தது, துப்பாக்கி எதற்குச் செய்தது என்று எந்த ஆசிரியரும் திருப்பிக் கேட்பார். ஆயுதத்திலிருந்து பிறந்த விளையாட்டு இது என்று ஒப்புக்கொண்டே பேசுங்கள். ஈட்டி எறிதலும் வில்வித்தையும் அப்படிப் பிறந்தவையே.

பதக்கப் பட்டியலாலும் பெரிய பயன் இல்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம், 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் என்று அடுக்கலாம். மகளுக்கு உற்சாகம் வரும். கணவரின் கேள்வி பதக்கம் வருமா என்பதல்லவே.

கணவருக்குப் பிடிபடக்கூடியது ஒன்று உண்டு. இந்த விளையாட்டில் பாதித் திறமை சுடாமல் கையை இறக்குவது. பிஸ்டலைத் தூக்கி, இறக்கி நிலைநிறுத்தி, எட்டுப் பத்து விநாடிக்குள் எல்லாம் கூடிவரவில்லை என்றால் டிரிகரைத் தொடாமல் கையை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் நல்ல வீரர் தூக்கிவிட்டுச் சுடாமல் இறக்கியதே பல முறை இருக்கும். எரிச்சலில் இழுத்த டிரிகர் உடனே காட்டிக்கொடுக்கும்: வலக்கைக்காரர் என்றால் ஓட்டை இடது கீழ் மூலையில் விழும்.

அவர் வருவதாகச் சொன்னால்

வெளிப்படையாகக் கேளுங்கள்: "நான் என்ன செய்றேன்னு ஒரு மணி நேரம் வந்து பாருங்க. சுட வேண்டாம். பிடிக்கலைன்னா பாதியிலேயே கிளம்பிடலாம்." ஒப்புக்கொண்டால் எந்த நாள் என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களும் இருப்பார்கள். பக்கத்து ரேஞ்சில் 0.22 அல்லது 12 போர் ஷாட்கன் சுடாத நேரம் எது என்று கிளப்பில் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யுங்கள். இது மிக முக்கியம். ஆறு வயதில் நடந்தது எதுவும் நினைவில்லை என்று அவர் சொல்கிறார், இருக்கலாம். ஆனாலும் தூரத்து வெடிச் சத்தம் அவரை எப்படிப் பாதிக்கும் என்று அங்கே வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. ஏர் பிஸ்டல் சத்தம் கை தட்டுவது போலத்தான், இருந்தும் காது அடைப்பானும் பாதுகாப்புக் கண்ணாடியும் கொடுங்கள்.

முதலில் பார்க்கட்டும். பார்க்க வேண்டியதும் சுடுவதை அல்ல, சுடாத நேரத்தை. ஒவ்வொரு பிஸ்டலின் குழலுக்குள்ளும் முழு நீளத்துக்கு ஓடும் பளிச்சென்ற நிறப் பாதுகாப்புக் கயிறு; அது வெளியே தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை. "லோட்", "ஸ்டார்ட்", "ஸ்டாப்", "அன்லோட்" என்ற கட்டளைகள். எல்லாத் துப்பாக்கியும் கீழே வைக்கப்பட்டு, கயிறு செருகப்பட்டு, அதிகாரி சரிபார்க்கும்வரை ஒருவரும் கோட்டைத் தாண்ட மாட்டார்கள். குழல் வாய் எப்போதும் இலக்கின் பக்கம். கண் இலக்கில் நிலைக்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. துப்பாக்கியை நம்பாதவருக்கு இந்த ரேஞ்சில் தெம்பு தரக்கூடியது, இங்கே வருபவர்களும் துப்பாக்கியை நம்புவதில்லை என்பது.

அவராகக் கேட்டால் மட்டும் அடுத்த படி. சொல்லித் தருவது நீங்களாக இருக்க வேண்டாம். கிளப் பயிற்சியாளர் செய்யட்டும். கணவன் மனைவிக்குக் கார் ஓட்டச் சொல்லித் தந்த வீடுகளில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். இதிலும் அதே கதைதான். சிலிண்டர் கழற்றிய பிஸ்டலை முதலில் மேசையில் வைத்து, எது எங்கே இருக்கிறது என்று காட்டட்டும். டிரிகரை வெறுமனே இழுத்துப் பார்க்கட்டும். போட்டி விதிப்படி அது குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அரை லிட்டர் பால் பாக்கெட்டின் கனம். ஸ்காட் போன்ற மின்னணுப் பயிற்சிக் கருவி கிளப்பில் இருந்தால் பெல்லட் இல்லாமலே குறிபார்க்கலாம். கை எப்படி அலைகிறது என்று திரையில் கோடாகத் தெரியும். கணக்கு, இயற்பியல் சொல்லித் தருபவர் என்றால் இதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

பெல்லட் போட்டுச் சுடும்போது உட்கார்ந்து, கையைத் தாங்கியில் வைத்துத் தொடங்கட்டும். இலக்கு அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை வையுங்கள். பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி. முதல் நாளே அதைக் காட்டினால் எதிர்பார்ப்பு தானாக ஏறிவிடும். வெள்ளைத் தாளில் ஐந்து குண்டு. அவை எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று மட்டும் பார்க்க வேண்டும்.

கை நடுங்குகிறதே என்று எல்லோரும் சொல்வார்கள். நடுக்கம் பிரச்சினையே அல்ல. அதற்குக் கணக்கு உண்டு. குறிபார்க்கக் குழலின் மேல் இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. முழுக் கையும் சாயாமல் 1 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ.தான் நகரும். மணிக்கட்டு சாய்ந்து, பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. விலகினால், 10 மீட்டரில் அது 30 மி.மீ. ஆகிவிடும், பத்துப் புள்ளி கிடைக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் கிடைக்கும். ஆகவே பார்வை முன் சைட்டில் கூர்மையாக இருக்க வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். கோயில் திருவிழாவில் பலூன் சுட்ட பழக்கம் அப்படி. அங்கே கொடுக்கும் ஸ்பிரிங் துப்பாக்கியில் சைட் பெரும்பாலும் வளைந்தோ தேய்ந்தோ இருக்கும், சரியாகப் பார்த்தாலும் பலூன் உடையாது. "எனக்கு இது வராது" என்று பலர் முடிவுகட்டியது அந்தக் கடைகளில்தான்.

இருபது குண்டோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் தோள் சோர்ந்து ஓட்டைகள் சிதறும், கடைசி நினைவு அதுவாகிவிடும். மனித உருவ இலக்கு எக்காரணம் கொண்டும் வேண்டாம். படம் எடுக்காதீர்கள், துப்பாக்கியோடு தான் நிற்கும் படம் குடும்ப வாட்ஸ்ஆப்பில் வந்தால் அவர் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். பெல்லட் ஈயம் என்பதால், கிளம்பும் முன் இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் காபி.

திரும்பும் வழியில் "எப்படி இருந்துச்சு?" என்று ஒருமுறை கேளுங்கள். "பரவாயில்லை, ஆனா எனக்கு வேண்டாம்" என்றால் அதோடு விடுங்கள். "துப்பாக்கி வேண்டாம்னுதான் இப்பவும் நினைக்கிறேன்" என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. தெரியாத பயத்தைத் தெரிந்த கருத்தாக மாற்றுவது மட்டுமே அந்த ஒரு மணி நேரத்தால் முடியும். துப்பாக்கிக் கட்டுப்பாடு கடுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏர் பிஸ்டல் சுடுபவர்கள் கிளப்புகளில் நிறையவே இருக்கிறார்கள்.

மகள்

இதைக் கணவரின் விஷயத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். "நீங்க ஒருமுறை வந்தா பாப்பாவைச் சேர்த்துடலாம்" என்று பேரம் பேசினால் அவர் வருகையே பொறியாகிவிடும். பயிற்சிக்குச் சேர்க்கும் வயது கிளப்புக்குக் கிளப் மாறும்; 13 வயதில் ஏர் பிஸ்டல் தொடங்குவது இயல்பானதே. பெற்றோர் கையெழுத்துக் கேட்பார்கள். ஒருவர் கையெழுத்துப் போதும் என்றாலும் இருவரும் போடும்வரை சேர்க்காதீர்கள். அப்பாவுக்கு மறைத்துத் தொடங்கினால், துப்பாக்கி விஷயத்தில் மறைக்கலாம் என்பதுதான் அவள் படிக்கும் முதல் பாடம்.

சேர்ந்தபின் ஆறு மாதமாவது கிளப் பிஸ்டலே போதும். சிறிய கைக்கு ஏற்ற பிடி இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர் பிடியோடு பழகினால் மணிக்கட்டு வளைந்த பழக்கம் நின்றுவிடும். வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல் ஒரு லட்சத்தைத் தாண்டும், அவசரப்பட வேண்டாம். வெடிமருந்துத் துப்பாக்கியின் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். 21 வயது நிரம்பாமல் உரிமம் கிடையாது, பயிற்சிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

கணவர் இப்போதைக்கு முடியாது என்றால், ஓர் ஆண்டு கழித்து மறுபடி கேளுங்கள். பாரிஸில் கலப்பு இரட்டையர் ஏர் பிஸ்டலில், ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் டிகெச்சுக்கு அப்போது வயது 51. 14 வயதில் தொடங்கினால் உங்கள் மகளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.